கதை சொல்ல வரச் சொல்லாதீர்கள், எழுதியதை வாசியுங்கள்

"ரெண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு எப்படித்தான் சினிமாவுக்குக் கதை எழுதுறீங்க?" என்று கேட்பவர்கள் எல்லாரும் அக்கறையாகத்தான் கேட்கிறார்கள். பதில் கொஞ்சம் நீளம், அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன். பிள்ளைகளால் என் எழுத்து தாமதமாகியிருக்கிறது, ஒரு சீன் ஒரு வாரம் இழுத்திருக்கிறது, எல்லாம் உண்மை. ஆனால் அது முடங்கிக் கிடப்பது இந்த வீட்டில் இல்லை. எழுதி முடித்த பிறகு, சென்னையில், சினிமாக்காரர்கள் கதை கேட்கும் அறையின் வாசலில்தான் முடங்குகிறது. இதைப் பற்றி நம் ஆட்கள் யாரும் பேசுவதில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

எங்களுக்கு ராமேஸ்வரம் தீவில் தங்கச்சிமடம். வீட்டுக்காரர் விசைப்படகில் போகிறவர். ராமேஸ்வரத்தில் விசைப்படகுகளுக்குத் திங்கள், புதன், சனி என்று முறை உண்டு. டோக்கன் வாங்கிக் காலையில் கிளம்பினால் மறுநாள் விடிந்துதான் கரை. அந்த நாட்களில் மகளைப் பள்ளிக்கு அனுப்புவது, சின்னவனை அங்கன்வாடியில் விடுவது, தண்ணீர் பிடிப்பது, மாமியாரின் சர்க்கரை மாத்திரை, குழுக் கடன் தவணை எல்லாம் என் தலையில்தான். ராத்திரியில் போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டுதான் படுப்பேன். இலங்கை நேவி படகைப் பிடித்துவிட்டது என்று ஒரு செய்தி வந்தால், எந்தப் படகு, யார் யார் என்று தெரியும்வரை தெருவே தூங்காது. அந்த மாதிரி ராத்திரிகளில் எழுத வராது, நான் முயற்சி பண்ணுவதும் இல்லை.

மற்ற நாட்களில் எழுதுகிறேன். பிள்ளை வளர்ப்போடு எந்த வேலை ஒத்துப்போகும், எது ஒத்துப்போகாது என்று பிரித்துப் பார்க்கப் பழகியதுதான் எனக்குக் கிடைத்த பெரிய உதவி. வசனம் துண்டு துண்டான நேரத்திலும் வரும். சூடை மீனைச் செதில் சீவும்போது போனை பிளாஸ்டிக் கவருக்குள் போட்டு அரிவாள்மனைக்குப் பக்கத்தில் வைத்து, இரண்டு பாத்திரங்கள் பேசுவதை நானே மாறி மாறிப் பேசிப் பதிந்துகொள்வேன். ராத்திரி அதைக் கேட்டு டைப் பண்ணும்போது, நடுநடுவே செதில் சீவும் சத்தம், "அம்மா ரப்பரக் காணோம்" என்று மகள், "நான் எடுக்கல" என்று சின்னவன், அப்புறம் மறுபடியும் என் கதாநாயகி. மேஜையில் உட்கார்ந்து யோசித்து எழுதிய வசனங்களைவிட இப்படி வாயால் பேசிப் பிடித்தவைதான் எனக்கு நன்றாக வந்திருக்கின்றன. யாரும் பேசாத வாக்கியத்தை வாயே தள்ளிவிடும், விரல் அப்படித் தள்ளாது.

ஆனால் ஒன்லைன் ஆர்டர் போடுவது, அதாவது ஒவ்வொரு சீனையும் ஒரு வரியில் எழுதி வரிசைப்படுத்துவது, இடைவேளைக்கு முன்னால் வரும் பெரிய காட்சியை எங்கே வைப்பது, முதல் பாதியில் போட்ட ஒரு முடிச்சை இரண்டாம் பாதியில் எங்கே அவிழ்ப்பது, இதற்கெல்லாம் மூன்று நான்கு மணி நேரம் சேர்ந்தாற்போல வேண்டும். மொத்தக் கதையையும் ஒரே நேரத்தில் மனசில் வைத்திருக்க வேண்டும், நடுவில் ஒருவர் வந்து சட்டைப் பட்டன் போட்டுவிடச் சொன்னால் அவ்வளவுதான், திரும்ப முதல் சீனிலிருந்து வர வேண்டும். எனக்கு அந்த நேரம் கிடைப்பது மீன்பிடித் தடைக்காலத்தில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. படகு மராமத்து வேலை போக மற்ற நேரம் அவர் வீட்டில் இருப்பார், பிள்ளைகளை நன்றாகவே பார்த்துக்கொள்வார், குளிக்க வைப்பது, சாப்பாடு ஊட்டுவது எதையும் நான் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. நான் பழைய காலண்டர் அட்டைகளில் எழுதிய சீன்களைத் தரையில் பரப்பி உட்கார்ந்துவிடுவேன். ஆனால் அதே இரண்டு மாதம்தான் வீட்டில் வருமானம் இல்லாத காலம். தடைக்கால நிவாரணத்தை 2023ல் ஐயாயிரத்திலிருந்து எட்டாயிரமாக உயர்த்தினார்கள், அது நல்ல விஷயம், ஆனாலும் குடும்பம் முழுவதற்கும் சேர்த்து 61 நாளுக்கு அதுதான். மே மாதம் பள்ளி விடுமுறை வேறு. எனக்கு நேரம் இருக்கும்போது காசு இருக்காது, காசு வரும் காலத்தில் நேரம் இருக்காது. இந்தக் கரையில் எழுதுகிற எந்த அம்மாவைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்.

சரி, இவ்வளவையும் தாண்டி ஸ்கிரிப்ட் ரெடியாகிவிட்டது என்று வையுங்கள். பைண்ட் போட்டாகிவிட்டது. சினிமா அலுவலகங்களிலிருந்து வரும் பதில், "சென்னைக்கு வந்து கதை சொல்லுங்க." பிடிஎஃப் அனுப்பட்டுமா என்றால், "படிக்க நேரம் இல்லைங்க, நேர்ல சொல்லுங்க."

நேரில் என்றால் என்ன என்று ராமேஸ்வரம் தீவில் இருக்கிறவர்களுக்குத் தெரியும். ராத்திரி முழுக்க ரயில். 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயிலை நிறுத்தினார்கள், 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறக்கும்வரை பஸ் பிடித்து மண்டபத்துக்கோ ராமநாதபுரத்துக்கோ போய்த்தான் ஏற வேண்டியிருந்தது. போய் இறங்கினால், சார் அவசரமாக வெளியே போய்விட்டார், நாளைக்கு வாங்க என்பார்கள். நாளைக்கு என்பது சொந்தத்தில் யார் வீட்டில் தங்குவது என்ற கேள்வி, ஊரில் சின்னவனுக்குக் காய்ச்சல் என்று வரும் போன், அடுத்த வீட்டு அக்காவிடம் "இன்னும் ஒரு நாள் பார்த்துக்கோங்க" என்று கெஞ்சுவது, இத்தனையும் சேர்ந்தது. ஓர் அலுவலகத்தில், "பிள்ளைகளை யார்கிட்டயாவது விட்டுட்டு ஒரு மாசம் இங்கேயே வந்து டிஸ்கஷன்ல உட்காருங்க" என்றார்கள். டிஸ்கஷன் என்றால் பல பேர் உட்கார்ந்து கதையைப் பேசிப் பேசித் திருத்துவது. சம்பளப் பேச்சே கிடையாது. அவர்களுக்கு அது பெரிய வாய்ப்பைக் கொடுக்கிற மாதிரிதான் தோன்றியிருக்கும். மூன்று வயதுப் பிள்ளையை ஒரு மாதம் விட்டுவிட்டு வருவது எப்படி என்று அந்த அறையில் ஒருவருக்கும் தோன்றவில்லை, அதுதான் எனக்கு வலித்தது.

இது அம்மாக்களின் பிரச்சினை மட்டும் என்று நினைக்க வேண்டாம். உதவி இயக்குநராக வேலை பார்த்துக்கொண்டு, பிள்ளை தவழ்ந்ததையும் நடந்ததையும் வீடியோ காலில் பார்த்த அப்பாக்கள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள். கல்யாணம் ஆகாதவர்களுக்கும், ஊரில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறவர்களுக்கும் மட்டும் தோதாக இந்த ஏற்பாடு இருக்கிறது. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் குழந்தைக் காப்பகம் இருக்க வேண்டும் என்று 2017ல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தினார்கள். ஆறு பேர் உட்கார்ந்து ராத்திரி ஒரு மணி வரை பேசும் கதை டிஸ்கஷன் அறை எந்தக் கணக்கிலும் வராது.

"கேட்டால்தான் கதையின் ஓட்டம் பிடிபடும்" என்று சொல்வார்கள். கதை ஓகே ஆன பிறகு உட்கார்ந்து பேச வேண்டும், அதில் எனக்கு மறுப்பே இல்லை, அதற்கு நாள் குறித்துச் சொன்னால் பிள்ளைகளுக்கு ஏற்பாடு பண்ணிவிட்டு வரலாம். முதல் முடிவுக்கு எதற்கு நேரில் வர வேண்டும்? முறையாக எழுதிய திரைக்கதையில் ஒரு பக்கம் திரையில் ஏறக்குறைய ஒரு நிமிடம் என்பது உலகம் முழுக்க இருக்கும் கணக்கு. 130 பக்கத்தை வாசிக்க ஆகும் நேரமும் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து கதை கேட்கும் நேரமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். பின்னணி இசை வரைக்கும் வாயாலேயே போட்டுக் கதை சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், அருமையான திறமை அது, நான் ரசித்துக் கேட்டிருக்கிறேன். ஆனால் நன்றாகச் சொல்லத் தெரிந்தவருக்கு நன்றாக எழுதத் தெரியும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. படம் எடுக்கப்போவது எழுதியதை வைத்துத்தானே?

இன்னொன்று, புதிதாக எழுத வரும் அம்மாக்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். பதிப்புரிமைச் சட்டம் கதைக் கருவுக்குப் பாதுகாப்பு தருவதில்லை, எழுதிய வடிவத்துக்குத்தான் தருகிறது. 1978லேயே ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. வாயால் சொல்லிவிட்டு வருகிற கதைக்கு நம் கையில் எந்தச் சாட்சியும் இல்லை. அதனால் முழுசாக எழுதுங்கள், எழுதியதைப் பதிவு பண்ணுங்கள். பதிப்புரிமை அலுவலகத்துக்கு இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். மும்பையில் இருக்கும் திரைக்கதை எழுத்தாளர்கள் சங்கத்தில் உறுப்பினரானால் ஆன்லைனிலேயே பதியலாம். இரண்டுக்கும் சென்னைக்கோ மும்பைக்கோ அலைய வேண்டியதில்லை. பிள்ளைகள் தூங்கிய பிறகு போனிலேயே செய்யக்கூடிய வேலை.

எங்களை மாதிரி ஆட்கள் உள்ளே வராததால் சினிமாவுக்கும் நஷ்டம்தான். எங்கள் கரை திரையில் வரும்போது பெரும்பாலும் என்ன வருகிறது? 1964 புயலில் இடிந்துபோன தனுஷ்கோடி தேவாலயச் சுவர் வரும், அதன் முன்னால் ஒரு பாட்டு வரும், கடலைப் பார்த்து மாரில் அடித்து அழும் பெண்கள் வருவார்கள். நாங்கள் அழாத நாட்கள் எங்கே? பாம்பன் பக்கத்துச் சின்னப்பாலத்துப் பெண்கள் விரல்களில் துணி சுற்றிக்கொண்டு கடலில் முங்கிப் பாசி எடுக்கிறார்கள், கரைக்கு வந்து அதைக் காயப்போட்டுவிட்டு, உப்புக் காயாத சேலையோடு பிள்ளையின் பள்ளியில் கையெழுத்துப் போடப் போகிறார்கள். புருஷன் கடலில் இருக்கும் நாளில் ரேஷன் கடையில் எடைக்குச் சண்டை போட்டுவிட்டு, திரும்பி வரும் வழியில் மகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கிறாள் ஒருத்தி. இந்த சீனை வெளியூரிலிருந்து வந்து இரண்டு நாள் லொக்கேஷன் பார்த்துவிட்டுப் போகிறவரால் எழுத முடியாது. எழுதக்கூடியவள் சின்னவனுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருக்கிறாள், அவளால் நாளைக்குக் காலையில் சென்னை வடபழனியில் நிற்க முடியாது.

அதனால் இதைப் படிக்கும் இயக்குநர்கள், தயாரிப்பு நிறுவனங்களில் வேலை பார்க்கும் தம்பி தங்கைகள் எல்லாரிடமும் கேட்கிறேன். முதல் இருபது பக்கத்தை வாங்கி வாசியுங்கள். பிடிக்கவில்லை என்றால் அங்கேயே மூடிவிடுங்கள், இரண்டு மணி நேரம் மிச்சம். பிடித்திருந்தால் மீதியைக் கேளுங்கள், அதன் பிறகு நாள் குறித்துக் கூப்பிடுங்கள், வந்து போகும் செலவையும் டிஸ்கஷனில் உட்காரும் நாட்களுக்கான சம்பளத்தையும் முதலிலேயே பேசிவிடுங்கள்.

தொண்டியிலிருந்து சாயல்குடி வரைக்கும் இந்தக் கரையில் கதை எழுதுகிற அம்மாவோ அப்பாவோ யார் இருந்தாலும் இன்பாக்ஸில் வாருங்கள். ஒருவர் எழுதியதை இன்னொருவர் வாசித்து, எங்கே இழுக்கிறது, எங்கே புரியவில்லை என்று மறைக்காமல் சொல்வோம். எனக்கு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வசதி, சின்னவன் தூங்குவான். வேறு நேரம்தான் உங்களுக்குத் தோது என்றால் வாய்ஸ் மெசேஜ் போட்டு வையுங்கள், மீன் கழுவும்போது கேட்டுவிட்டுப் பதில் அனுப்புகிறேன்.