தோபட் பழத்துக்கு ஸ்டிக்கர் ஒட்டுறீங்க, கொத்தமல்லிக்கு யார் ஒட்டுறது?

நேத்து சாயங்காலம் ரங்கூன்ல ஒரு பெரிய கடையில காய்கறிப் பெட்டி முன்னாடி நின்னப்போ கண்ணுல தண்ணி வராத குறை. பச்சை இலை போட்ட "ஆர்கானிக்" ஸ்டிக்கர், அதான் ரசாயன மருந்து போடாம விளைஞ்சதுன்னு சொல்றது, வரிசையா ஒட்டியிருந்தது. எது மேல? தோபட் பழம், அதான் நம்ம வெண்ணெய்ப் பழம். பூசணிக்காய். வாழைப்பழம். எல்லாமே தோலை உரிச்சு எறிஞ்சுட்டுத் திங்கிற சாமான். விலை மூணு மடங்கு. அதே பெட்டியில கீழ்த்தட்டுல கொத்தமல்லி, புதினா, வள்ளைக்கீரை, புளிச்சகீரை. பூச்சிமருந்து பட்ட இலையே வாய்க்குள்ள போகுது. அதுல ஒண்ணுக்கும் ஸ்டிக்கர் இல்லை.

கடைப் பொண்ணுகிட்ட கேட்டேன், "இந்த ஸ்டிக்கர் யார் கொடுத்தது தங்கச்சி?"ன்னு. புரட்டிப் பார்த்தா. சான்று கொடுத்தவங்க பேர் இல்லை, தோட்டத்துப் பேர் இல்லை, ஊர்ப் பேர் இல்லை. "இப்படியேதான் வருது அமா (அக்கா)"ன்னா. அவ என்ன செய்வா, பாவம். விவசாயிங்க ஒருத்தர் தோட்டத்தை ஒருத்தர் போய்ப் பார்த்துச் சான்று கொடுக்கிற முறை இந்த நாட்டுலயும் இருக்கு. அப்படி வந்த சரக்குன்னா அந்தக் குழுவோட பேரைப் போட வேண்டியதுதானே? வெறும் இலைப் படத்துக்கு நான் ஏன் மூணு மடங்கு காசு கொடுக்கணும்?

எல்லாத்தையும் ஆர்கானிக்கா வாங்க எங்களால முடியாது. அதனால எதை வாங்கணும், எதை விடலாம்னு பார்த்துப் பார்த்துத்தான் வாங்கணும். அமெரிக்காவுல என்விரான்மென்டல் வொர்க்கிங் குரூப்னு ஒரு அமைப்பு வருஷா வருஷம் பட்டியல் போடுது. மருந்து அதிகம் தங்குற பக்கம் ஸ்ட்ராபெர்ரி, பாலக்கீரை. குறைவா தங்குற பக்கம் வெண்ணெய்ப் பழம், அன்னாசி, பப்பாளி, வெங்காயம். அவங்க அரசாங்கம் ஆயிரக்கணக்கான மாதிரியைக் கழுவிச் சோதிச்சு வெளியிடுற கணக்கை வெச்சுப் போடுறாங்க. அந்தப் பட்டியலை அப்படியே நம்ம சந்தைக்குத் தூக்கிட்டு வர முடியுமா? நாம திங்கிறது ஷான் மாநிலத்து இன்லே ஏரித் தக்காளி. ஏரி மேல மிதக்குற பாத்தியில விளையுது, அங்கே அடிக்கிற மருந்து நேரா தண்ணியில இறங்குது. அதுக்கு எந்த அமெரிக்கப் பட்டியல்ல இடம் இருக்கு?

விவசாயியைத் திட்ட எனக்கு மனசில்லை. 1990லயே பூச்சிமருந்துச் சட்டம் வந்த நாடு இது. இன்னமும் எல்லை தாண்டி வர்ற டப்பாவுல சீன எழுத்தும் தாய்லாந்து எழுத்தும்தான். எவ்வளவு கலக்கணும், அடிச்ச எத்தனாம் நாள் பறிக்கலாம்னு அவர் எதைப் பார்த்துத் தெரிஞ்சுக்குவார்? அந்த நாள் கணக்குதான் உயிர், நாள் ஆக ஆகத்தான் மருந்து குறையும். பூசணி மாசக் கணக்குல கொடியில கிடக்குது. வெண்டை, காராமணி, மிளகாய் எல்லாம் அடிச்சுக்கிட்டே இருப்பாங்க, ரெண்டு நாளைக்கு ஒரு தரம் பறிச்சுக்கிட்டும் இருப்பாங்க. கீரை மூணு நாலு வாரத்துல அறுப்பு.

"நல்லா கழுவுனா போயிரும்"னு சொல்றவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். 2017ல மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்துல ஆப்பிளைச் சமையல் சோடா கரைச்ச தண்ணியில ஊறப் போட்டுப் பார்த்தாங்க. போஸ்மெட்ங்கிற மருந்து 15 நிமிஷத்துல 96 சதவீதம் போச்சு. தையபெண்டசோல்ங்கிற இன்னொரு மருந்து 12 நிமிஷத்துல 80 சதவீதம்தான் போச்சு, மிச்சம் தோலுக்குள்ள இறங்கிடுச்சு. ஆப்பிளுக்கே இப்படின்னா கீரைக்கு? நானும் சோடா போட்டுத்தான் கழுவுறேன். ஆனா கரண்ட் போனா மோட்டார் ஓடாது. ஒரு வாளித் தண்ணியில ரெண்டு கட்டுக் கீரையை அலசி, அடியில தங்குற மண்ணையும் அந்த மருந்து வாடையையும் பார்த்துட்டு, அதையே நாலு வயசுப் பிள்ளைக்குக் கடைஞ்சு ஊட்டணும். சின்ன உடம்பு, எடைக்குப் பார்த்தா நம்மளைவிட அதுங்கதான் அதிகம் திங்குது. ஊட்டும்போது கை நடுங்குது எனக்கு.

இனிமே என் காசு கீரைக்கும் மிளகாய்க்கும் தக்காளிக்கும் மட்டும்தான். பூசணி, வெங்காயம், பப்பாளி, தோபட் எல்லாம் சாதாரணச் சந்தைச் சரக்கே போதும். முருங்கைக்கீரை வீட்டு மரத்துல இருக்கு.

இன்னைக்குக் காலையில ரங்கூனுக்கு வடக்கே ஹ்மாபி ஊர்ப் பக்கத்துல இருந்து கூடை கொண்டு வர்ற கீரைக்காரம்மாகிட்ட நேராவே கேட்டுட்டேன், மருந்து அடிச்சு எத்தனை நாளாச்சுன்னு. கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "எங்க வீட்டுக்குத் தனிப் பாத்தி இருக்கு, அதுக்கு அடிக்கிறதில்லை"ன்னாங்க. வயித்துல பிசைஞ்சது. "அதுல ரெண்டு கட்டு எனக்குக் கொடுங்க, விலை கூடத் தர்றேன்"னேன். "இலையெல்லாம் ஓட்டையா இருக்கும், வாங்குவீங்களா?"ன்னு கேட்டாங்க. வாங்குறேன், ஞாயித்துக்கிழமை கொண்டு வாங்கன்னு சொல்லி முன்பணமும் கொடுத்துட்டேன்.