தலைகளை எண்ணும் கணக்கில் விடுபடும் கூட்டம்

ஜப்பானின் வாகயாமா மாகாணத்தில் உள்ள தைஜி என்ற சிற்றூரில் டால்பின் வேட்டை எப்படி நடக்கிறது என்பதை முதலில் விவரித்துவிடுகிறேன். இதை ஆதரிப்பவர்களும் எதிர்ப்பவர்களும் பெரும்பாலும் சிவந்துபோன நீர் தெரியும் அந்தக் கடைசிக் காட்சியை மட்டும் வைத்துக்கொண்டு வாதாடுகிறார்கள். என்னைப் பொறுத்தவரை கவனிக்கவேண்டியது அதற்குச் சில மணி நேரம் முன்பே நடந்து முடிந்துவிடுகிறது. செப்டம்பரில் பருவம் தொடங்கியதும் விடியற்காலையிலேயே படகுகள் கடலுக்குள் போய் விரிந்து நிற்கின்றன. டால்பின் கூட்டம் ஒன்று தென்பட்டதும் அவை அதன் பின்புறமாக வரிசை கட்டுகின்றன. ஒவ்வொரு படகிலும் நீண்ட எஃகுத் தண்டு ஒன்று இருக்கும். அதன் அடிமுனை மணியின் வாயைப்போல் விரிந்திருக்கும். அந்த முனையை நீருக்குள் இறக்கி, மேல்முனையைச் சுத்தியலால் விடாமல் தட்டுகிறார்கள். தட்டத் தட்ட, கடலுக்கடியில் ஓசையாலேயே ஒரு சுவர் எழுகிறது. ஒலி எழுப்பி, அதன் எதிரொலியைக் கேட்டே வழியும் திசையும் இரையும் அறிகிற உயிரினத்துக்கு அது கண்ணைக் கட்டிவிடுவதற்குச் சமம். ஓசையிலிருந்து விலகி விலகிப் போகும் கூட்டம் கடைசியில் ஒரு குறுகலான குடாவுக்குள் நுழைகிறது. பின்னால் வலை இழுத்து மூடப்படுகிறது.

இதில் என்னை மிகவும் உறுத்துவது ஒன்று உண்டு. ஆளுக்கொரு திசையாகச் சிதறி ஓடினால், அந்தக் கூட்டத்தில் பாதியாவது படகுகளுக்கு இடையே புகுந்து தப்பித்துவிடும் என்றுதான் தோன்றுகிறது. ஆனால் அவை பெரும்பாலும் சிதறுவதில்லை. அஞ்சும்போது அவை ஒன்றையொன்று நெருங்குகின்றன. குட்டி தாயின் விலாவை ஒட்டிக்கொள்கிறது. பரந்த கடலில் சுறாவிடமிருந்து அவற்றைக் காத்துவந்த அந்தப் பழக்கம்தான் இங்கே அவற்றை மொத்தமாகப் பிடித்துக்கொடுக்கிறது. வேட்டையாடுபவர் வலையைக் கடைசியில்தான் விரிக்கிறார். அதுவரை வலையாக இருப்பது கூட்டத்தின் பிணைப்பே.

இந்த விவாதத்தில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. இப்படிப் பிடித்தால் கடலில் டால்பின் மிஞ்சுமா என்பது ஒன்று. மிஞ்சினாலும் இப்படிக் கொல்லலாமா என்பது மற்றொன்று. இவை தனித்தனிக் கேள்விகள். ஆனால் 'இது கொடுமை' என்று ஒருவர் சொன்னால் 'எண்ணிக்கை குறையவில்லையே' என்று பதில் வருகிறது. 'எண்ணிக்கை குறையவில்லையே' என்று ஒருவர் சொன்னால் 'அவை அறிவுள்ள உயிர்கள்' என்று பதில் வருகிறது. கேட்பது கிழக்கு, சொல்வது மேற்கு. பல ஆண்டுகளாக இந்தப் பேச்சு நகராமல் நிற்பதற்கு இதுவே காரணம் என்பது என் எண்ணம்.

வேட்டையை எதிர்க்கும் என் தரப்பில் இருப்பவர்களுக்கு உவப்பில்லாத ஒன்றை முதலில் ஒப்புக்கொள்கிறேன். எண்ணிக்கையை மட்டும் பார்த்தால், பரோயே தீவுகளில் நடக்கும் பைலட் திமிங்கில வேட்டையை அழிவு வேட்டை என்று சொல்ல முடியாது. (பெயரில் திமிங்கிலம் இருந்தாலும் அது டால்பின் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.) வட அட்லாண்டிக்கில் சுமார் ஐம்பதாயிரம் பேர் வாழும் அந்தத் தீவுக்கூட்டத்தில், 1584 தொடங்கி இந்த வேட்டைக்கு எழுத்துப்பூர்வமான பதிவுகள் இருக்கின்றன, ஒரு விலங்கு வேட்டைக்கு இவ்வளவு நீண்ட கணக்கு உலகில் வேறெங்கும் கிடைப்பது அரிது. ஆண்டுக்குச் சராசரியாக 800 அளவில் பிடிக்கிறார்கள். கிழக்கு வட அட்லாண்டிக்கில் இந்த இனம் பல லட்சம் இருப்பதாக மதிப்பிடப்படுகிறது. ஆக, பிடிப்பு ஒரு விழுக்காட்டுக்கும் கீழேதான். இறைச்சி பெரும்பாலும் வணிகத்துக்குப் போவதில்லை. வேட்டையில் கலந்துகொண்டவர்களுக்கும் ஊராருக்கும் பழைய முறைப்படி பங்கிட்டுக் கொடுக்கப்படுகிறது. கொல்லும் முறையையும் சீர்செய்திருக்கிறார்கள்: மூச்சுத்துளைக்குச் சற்றுப் பின்னால் தண்டுவடத்தை ஒரே வீச்சில் துண்டிக்கும் ஈட்டி கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது, அதைக் கையாளப் பயிற்சி பெற்றுச் சான்றிதழ் வாங்கியிருக்கவேண்டும். இவ்வளவையும் தெரிந்துகொண்ட பிறகும் அவர்களைக் 'காட்டுமிராண்டிகள்' என்று எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

ஆனால் விதிகள் எவ்வளவு கறாராக இருந்தாலும் விரட்டு வேட்டையில் அளவு மனிதனின் கையில் இருப்பதில்லை. 2021 செப்டம்பர் 12 அன்று ஐஸ்டுரோய் தீவின் ஸ்காலாபோட்னூர் கடற்கரையில் வெண்பக்க டால்பின் கூட்டம் ஒன்றை விரட்டினார்கள். சுமார் 200 இருக்கும் என்று கணித்துத்தான் தொடங்கினார்கள் என்று பின்னர் சொல்லப்பட்டது. கரையில் செத்துக் கிடந்தவை 1,428. அத்தனையையும் விரைந்து கொல்லப் போதுமான ஆட்கள் கரையில் இல்லை. ஆகவே பல டால்பின்கள் ஆழமில்லாத நீரில் நெடுநேரம் துடித்துக் கிடந்தன. அவ்வளவு இறைச்சியை யார் கொண்டுபோவது என்ற கேள்வி உள்ளூர்க்காரர்களிடமிருந்தே எழுந்தது. வேட்டையை ஆதரிப்பவர்களே முகம் சுளித்த நாள் அது. அரசு அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கு வெண்பக்க டால்பினுக்கு மட்டும் ஆண்டுக்கு 500 என்று தற்காலிக வரம்பு விதித்தது. மீனவர் ஒருவர் தூண்டிலில் சிக்கியதைப் பார்த்துவிட்டு 'போதும்' என்று கரை திரும்பலாம். விரட்டு வேட்டையில் எத்தனை வந்தன என்பது குடாவை அடைத்த பிறகுதான் தெரியவருகிறது.

எண்ணிக்கைக் கணக்கு எங்கும் நன்றாகவே இருந்தது என்றும் சொல்வதற்கில்லை. ஜப்பானின் இசு தீபகற்பத்தில், போருக்குப் பிந்தைய ஆண்டுகளில், வரி டால்பின்களை ஆண்டுக்குப் பத்தாயிரத்துக்கும் மேல் பிடித்த காலம் உண்டு. கடல் வற்றாது என்ற நம்பிக்கையில் பிடித்தார்கள். பிடிப்பு படிப்படியாகச் சுருங்கி, கூட்டங்கள் வருவதே அரிதாகி, அங்கே அந்த வேட்டை ஏறக்குறைய நின்றே போனது. மத்தியைப்போல் லட்சக்கணக்கில் முட்டையிடும் உயிரல்ல இது. குப்பிமூக்கு டால்பின் ஓராண்டு கருவைச் சுமந்து ஒரே ஒரு குட்டி ஈனும். அடுத்த குட்டிக்கு மூன்று ஆண்டுகளாவது ஆகும். அமெரிக்கக் கடல் பாலூட்டிக் கணக்கீட்டில், எல்லாம் சாதகமாக இருந்தாலும் இந்த வகை உயிரினங்கள் ஆண்டுக்கு நான்கு விழுக்காடு வரைதான் பெருகும் என்று வைத்துக்கொள்கிறார்கள். அந்த நான்கிலும் நோய், வலை, இரைப் பஞ்சம் எல்லாவற்றுக்கும் போக மிஞ்சியதுதான் வேட்டைக்கு.

இதற்கும் மேலாக நான் சொல்ல விரும்புவது, அந்தக் கணக்கின் அலகே பிழையானது என்பதுதான். குறுந்துடுப்பு பைலட் திமிங்கிலத்தின் பெண்கள் நாற்பது வயதை ஒட்டி ஈனுவதை நிறுத்திவிடுகின்றன. அதன் பிறகும் பல ஆண்டுகள், சில அறுபது வயது வரைகூட, வாழ்கின்றன. மாதவிடாய் நின்ற பின் மனிதப் பெண்கள் வாழ்வதைப்போன்ற இந்த நீண்ட பின்வாழ்வு விலங்குலகில் விரல்விட்டு எண்ணக்கூடிய இனங்களிலேயே உண்டு. இனி ஈனப்போவதில்லை என்ற நிலையிலும் பால் சுரந்துகொண்டிருந்த முதிய பெண்கள் இந்த இனத்தில் காணப்பட்டன. ஒரு பாட்டிக்குக் கூட்டத்தில் என்ன வேலை என்பதற்கு இதைவிடத் தெளிவான குறிப்பு வேண்டியதில்லை. இதை உலகுக்குச் சொன்னவர்களில் ஒருவர் தோஷியோ கசூயா என்ற ஜப்பானிய ஆய்வாளர். 1984இல் வெளிவந்த அந்த ஆய்வுக்கு அவருக்குச் சான்றாகக் கிடைத்தவை விரட்டு வேட்டையில் கொல்லப்பட்ட கூட்டங்களின் உடல்கள். மொத்தக் கூட்டத்தையும் கொன்றதால்தான் பேரன் முதல் பாட்டி வரை ஒரே கூட்டத்தில் வாழ்வது தெரியவந்தது. எத்தனை பிடிக்கலாம் என்று வகுக்கும் ஒதுக்கீட்டுப் பட்டியலில் அந்த முதியவளும் ஓர் எண், நேற்றுப் பிறந்த குட்டியும் ஓர் எண். எந்தப் பருவத்தில் எங்கே இரை கிடைக்கும் என்பதை அறிந்தவள் போன பிறகு, மிஞ்சியவை எண்ணிக்கையில் சரியாக இருந்தாலும் பழைய கூட்டமாக இருக்குமா?

இது வெறும் உருக்கமான பேச்சு அல்ல. கிழக்குப் பசிபிக்கில் மஞ்சள் துடுப்புச் சூரை மீன், டால்பின் கூட்டங்களுக்கு அடியில் நீந்தும். அதனால் 1950களின் பிற்பகுதியிலிருந்து டால்பின்களைத் துரத்திச் சென்று, அவற்றைச் சுற்றியே சுருக்குமடி வலையை இறக்கிச் சூரை பிடித்தார்கள். அப்படிச் செத்த டால்பின்கள் அறுபது லட்சத்துக்கு மேல் என்பது மதிப்பீடு. எதிர்ப்பு கிளம்பி, சட்டங்கள் வந்து, டால்பின்களை வலையிலிருந்து வெளியே விடும் முறைகள் பழக்கத்துக்கு வந்து, பதிவாகும் சாவு ஆண்டுக்கு ஆயிரம் அளவுக்குக் குறைந்தது. கணக்குப்படி அந்தக் கூட்டங்கள் விறுவிறுவென்று மீண்டிருக்கவேண்டும். எதிர்பார்த்த வேகத்தில் மீளவில்லை. ஏன் என்று தேடியவர்கள் கவனித்த ஒன்று: வலையில் செத்த பாலூட்டும் தாய்களில் பெரும்பாலானவற்றுடன் குட்டி இல்லை. துரத்தும்போது பின்தங்கிய குட்டி வலைக்கு வெளியே, கடலில் எங்கேயோ தனியாக நின்றுவிட்டது; அது எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. தலையை எண்ணும் கணக்கு தவறவிடுவது இதைத்தான்.

மரபு என்ற வாதத்தையும் ஒற்றைச் சொல்லாக எடுத்துக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. தைஜி 1606இலேயே திமிங்கில வேட்டைக்குக் குழு அமைத்த ஊர். அந்தப் பெருமை உண்மையானது. ஆனால் இன்றைய வடிவிலான விரட்டு வேட்டை அங்கே நிலைபெற்றது 1969இல், ஊரில் திறக்கப்பட்ட திமிங்கில அருங்காட்சியகத்துக்கு உயிருள்ள விலங்குகள் வேண்டும் என்ற தேவையை ஒட்டி. நானூறு ஆண்டு மரபைக் காட்டி ஐம்பது அறுபது ஆண்டு வழக்கத்துக்கு நியாயம் தேடுவது சரியாகப் படவில்லை. சாலமன் தீவுகளின் மலாய்ட்டாவில் உள்ள பனாலேய் ஊரின் நிலைமை வேறு. அங்கே கூழாங்கற்களை நீருக்கடியில் ஒன்றோடொன்று தட்டி டால்பின்களைக் கரைக்கு ஓட்டுகிறார்கள். பற்கள் மணப்பெண்ணுக்குக் கொடுக்கும் பரிசாகவும் பணமாகவும் புழங்குகின்றன. வெளிநாட்டுத் தன்னார்வ அமைப்பு ஒன்று 2010இல் பணம் தருவதாக ஒப்பந்தம் செய்து வேட்டையை நிறுத்தியது. பணத்தைப் பற்றித் தகராறு எழுந்து ஒப்பந்தம் முறிந்தது. 2013இல் அந்த ஊரார் ஒரே ஆண்டில் 1,600க்கும் அதிகமான டால்பின்களைக் கொன்றார்கள். பல்லின் விலை அதற்கு முந்தைய பத்தாண்டுகளில் ஏறக்குறைய ஐந்து மடங்காகியிருந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். மரபு அங்கே உண்டு. சந்தையும் அதே அளவுக்கு உண்டு. வெளியிலிருந்து பணத்தோடு வந்து அறம் பேசுகிறவர்கள் சில நேரம் நிலைமையை இன்னும் மோசமாக்கிவிட்டுப் போகிறார்கள் என்பதும் இதிலிருந்து தெரிகிறது.

உடல்நலம் பற்றிச் சுருக்கமாக. பரோயே தீவுகளின் மருத்துவ அதிகாரிகளே 2008இல் பைலட் திமிங்கில இறைச்சி மனிதர் உண்ணத் தக்கதல்ல என்று அறிவித்தார்கள். தாயின் வயிற்றிலேயே பாதரசத்துக்கு ஆளான குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த பிறகு வந்த அறிவுரை அது. அந்தப் பாதரசத்தில் பெரும்பங்கு தொலைதூரத்து நிலக்கரி உலைகளும் தொழிற்சாலைகளும் கடலுக்கு அனுப்பியது; தீவுக்காரர்கள் சம்பாதித்ததல்ல.

இனி, எல்லோரும் கேட்கும் கேள்விக்கு வருகிறேன். 'கோழியும் பன்றியும் உண்கிற உலகத்துக்கு டால்பினைப் பற்றிப் பேச என்ன தகுதி?' நான் இறைச்சி உண்பவன்தான். எனவே இந்தக் கேள்வி என்னையும் சுடுகிறது. 'டால்பின் அறிவுள்ளது' என்ற விடையை நான் நம்பவில்லை, ஏனென்றால் பன்றியும் அறிவுள்ளதே. திரும்பக்கூட இடமில்லாத கூண்டில் ஆயுள் முழுவதும் அடைபடும் தாய்ப்பன்றியைவிட, சாகும் நாள் வரை திறந்த கடலில் நீந்திய பைலட் திமிங்கிலம் நல்வாழ்வு வாழ்ந்தது என்று பரோயே மீனவர் ஒருவர் சொன்னால் என்னிடம் மறுமொழி இல்லை. ஆனால் அந்த வாதம் பன்றிக்கூண்டை ஒழிக்கத்தான் உதவும். குடாவை நியாயப்படுத்த உதவாது. ஒரு தவறைச் சுட்டி இன்னொன்றுக்கு வாயடைப்பது எளிது, அவ்வளவே. அதே நேரம், வேட்டையைவிடப் பன்மடங்கு டால்பின்கள் மீன்பிடி வலைகளில், குறிப்பாகச் செவுள்வலைகளில், யாரும் விரும்பாமலே சிக்கிச் சாகின்றன என்பதையும் மறைக்கக் கூடாது. தைஜியின் குடாவுக்கு எதிராகக் கொதித்தெழுகிற பலர் இந்தச் சாவைப் பற்றி ஒரு வரிகூட எழுதியதில்லை. படம் இல்லாத சாவு யாருடைய கண்ணிலும் படுவதில்லை.

அப்படியானால் என் நிலைப்பாடு என்ன? பசிக்காக, தம் கடலில், அளவோடு வேட்டையாடுபவரிடம் நான் வாதாடுவேன். ஆனால் தடைவிதிக்கச் சொல்லி முதலில் அவர் வீட்டு வாசலில் நிற்கமாட்டேன். முதலில் நிற்கவேண்டிய இடம் வேறு. தைஜி குடாவில் கூட்டம் அடைக்கப்பட்ட மறுநாள் காலை, கொல்பவர்களுக்கு முன்னால் பயிற்சியாளர்கள் நீரில் இறங்குகிறார்கள். தழும்பில்லாத இளம் விலங்குகளாக, பெரும்பாலும் பெண்களாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்து, தூக்குத் துணியில் கிடத்தித் தனியே கொண்டுபோகிறார்கள். எஞ்சியவற்றில் சில விடுவிக்கப்படுகின்றன. பல, தார்ப்பாய் மறைப்புக்குப் பின்னால் கொல்லப்படுகின்றன. பயிற்சி பெற்ற ஒரு டால்பினுக்குக் கிடைக்கும் விலை, அதையே இறைச்சியாக விற்றால் கிடைப்பதைவிடப் பல மடங்கு அதிகம். இறைச்சி உண்பவர்கள் குறைந்துகொண்டே வரும் காலத்திலும் படகுகள் கடலுக்குப் போவதற்கு அந்த விலைதான் எரிபொருள் என்பது என் கணிப்பு.

2015இல் உலக விலங்குக்காட்சியகச் சங்கம், இப்படிப் பிடிபட்ட டால்பின்களை வாங்குவதைக் காரணம் காட்டி, ஜப்பானிய விலங்குக்காட்சியகச் சங்கத்தின் உறுப்புரிமையை இடைநிறுத்தியது. அடுத்த மாதமே ஜப்பானியச் சங்கம் வாக்கெடுப்பு நடத்தி, விரட்டு வேட்டையில் பிடிபட்ட டால்பின்களை உறுப்பினர்கள் வாங்கக் கூடாது என்று முடிவெடுத்தது. பல ஆண்டு ஆர்ப்பாட்டத்தால் நடக்காத ஒன்று அந்த ஓர் இடைநிறுத்தத்தால் நடந்தது. ஆனால் சங்கத்தில் சேராத காட்சியகங்களையும் வெளிநாட்டு வாங்குநர்களையும் அந்த முடிவு கட்டுப்படுத்தாது. ஆகவே இறைச்சி விற்கும் மீனவரைத் திட்டுவதற்கு முன்னால், இந்த டால்பின்களைத் தம் நாட்டுக் காட்சியகங்களுக்கு இறக்குமதி செய்ய அனுமதிக் கையெழுத்துப் போடும் அரசுகளிடம், அந்த விலங்கு எந்தக் குடாவிலிருந்து வந்தது, அதனுடன் அடைபட்ட மற்றவை என்ன ஆயின என்று எழுத்தில் கேட்கவேண்டும். அந்த விவரம் இல்லாத விண்ணப்பத்துக்கு அனுமதி இல்லை என்று அவர்களை எழுதவைக்கவேண்டும்.