அம்புக்குறி மின்சாரத்துக்கு வழி காட்டுவதில்லை

"ஆடியோ கேபிளில் இருக்கும் அம்புக்குறிக்கு எதிராக மாட்டினால் மின்சாரம் தடுமாறி, பாட்டு கெட்டுவிடும்" என்று ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். அது சரியில்லை அண்ணே. ஆடியோ சிக்னல் மாறுதிசை மின்னோட்டம். 1,000 ஹெர்ட்ஸ் ஒலி என்றால் நொடிக்கு 1,000 தடவை போய்த் திரும்புகிறது. செம்புக்கு ஒருவழிப் பாதை கிடையாது.

அம்புக்குக் காரணம் வேறு. நான் பாம்பனில் மைக் செட் வைத்திருக்கிறேன். அம்புக்குறி போட்ட ஒரு ஆர்சிஏ கேபிளின் (பிளேயரை ஆம்ப்ளிஃபயரோடு இணைப்பது) பிளக் மூடிகளைத் திருகிப் பார்த்தேன். உள்ளே இரண்டு கம்பிகள், சுற்றிலும் உலோகக் கம்பிப் பின்னல் உறை. பிளேயர் பக்கம் உறையைப் பற்றவைத்திருந்தார்கள். ஆம்ப்ளிஃபயர் பக்கம் அதை வெட்டி விட்டிருந்தார்கள். உறை பிடிக்கும் இரைச்சல் ஒரு முனையில் மட்டும் இறங்கட்டும் என்றுதான். எந்த முனை எந்தப் பக்கம் என்று காட்டத்தான் அம்பு. திருப்பி மாட்டினாலும் பாட்டு அதேதான். சில இடங்களில் 'உம்ம்' இரைச்சல் கூடலாம், அவ்வளவே. ஒரே நடுக்கம்பி உள்ள சாதாரண கேபிளில் உறையே சிக்னல் திரும்பும் வழி, அதனால் இரு முனையிலும் சேர்ந்திருக்கும். அங்கே அம்புக்கு வேலையே இல்லை.

அப்புறம், நம் கரையில் உப்புக்காற்றுதான் பெரிய தொல்லை. பிளக்கில் பச்சைக் களிம்பு ஏறினால் கரகரக்கும். முதலில் அதைத் துடைத்துப் பாருங்கள்.