குடோன்தான் போரை முடிவு செய்கிறது

நான் லாரி புக்கிங் ஆபீஸில் பதினெட்டு வருடம் வேலை பார்த்தவன். பொங்கலுக்கு வெல்லம் விற்கணும் என்றால் மார்கழி பாதியிலேயே லோடு ஊருக்கு வந்து குடோனில் இறங்கியிருக்க வேண்டும், போகிக்கு முதல் நாள் லாரி பிடித்து ஒரு பயனும் இல்லை. சரக்கு எங்கே கிடக்கிறதோ அங்கேதான் வியாபாரம் நடக்கும். அதனால் வெளிநாட்டில் இருக்கும் ஒரு ராணுவத் தளத்தைப் பற்றி யாராவது "அது சும்மா தளவாடக் கிடங்குதானே, சண்டை போடுகிற இடமா என்ன" என்று சொன்னால் எனக்குப் பொறுக்காது. போன வாரம் ஒரு நண்பர், இந்தியப் பெருங்கடலில் அமெரிக்க ராணுவத் தளம் இருக்கும் டியாகோ கார்சியா தீவைப் பற்றி அப்படித்தான் சொன்னார். அவருக்கு அங்கேயே பதில் சொல்லிவிட்டேன், ஆனாலும் மனசு ஆறவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

கன்னியாகுமரியிலிருந்து தெற்கே ஏறக்குறைய 1,800 கிலோமீட்டர் போனால் நடுக்கடலில் இருக்கிறது அந்தத் தீவு. மொத்த நிலமே 30 சதுர கிலோமீட்டருக்குள்தான். பவளத்திட்டு, நடுவில் ஆழமான காயல், மேலே இருந்து பார்த்தால் ஒரு காலடித்தடம் மாதிரி இருக்கும். அங்கே இருக்கும் அமெரிக்கர்கள் அதற்கு 'சுதந்திரத்தின் காலடித்தடம்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். 1970 வாக்கில் அமெரிக்க நாடாளுமன்றத்தில் பணம் கேட்டபோது எளிமையான ஒரு தகவல் தொடர்பு நிலையம் என்றுதான் சொன்னார்கள். 1971-இல் கட்டுமான வேலை தொடங்கியது. அப்புறம் 12,000 அடி ஓடுதளம் வந்தது, காயலைத் தோண்டி பெரிய கப்பல்கள் நிற்க இடம் செய்தார்கள், எண்ணெய்த் தொட்டிகள், வெடிமருந்துக் கிடங்குகள் எல்லாம் வந்தன.

அந்தக் காயலில் நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்கள்தான் முக்கியம். 1980-இல் ஆரம்பித்த ஏற்பாடு அது. டாங்கிகள், பீரங்கிகள், குண்டுகள், எரிபொருள், உணவு, தண்ணீர் சுத்திகரிக்கிற இயந்திரங்கள் வரை ஏற்றித் தயாராக வைத்திருப்பார்கள். அப்படி ஒரு கப்பல் அணியில் இருக்கும் சரக்கு பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட கடற்படைத் துருப்புகளுக்கு முப்பது நாள் தாங்கும். ஒரு டாங்கி அறுபது டன்னுக்கு மேல் எடை. பெரிய சரக்கு விமானத்திலேயே ஒன்றோ இரண்டோதான் ஏற்ற முடியும், அமெரிக்காவிலிருந்து கப்பலில் அனுப்பினால் வாரக்கணக்கில் ஆகும். ஆனால் ஆட்களை ஒரே நாளில் விமானத்தில் கொண்டுபோய்விடலாம். ஆகவே கனமான சரக்கு பாதி வழியில் காத்திருக்கும், ஆள் மட்டும் பறந்து வந்து சேர்ந்துகொள்வான். 1990 ஆகஸ்ட் 2-ஆம் தேதி ஈராக் குவைத்துக்குள் நுழைந்தது. அந்த மாதம் பாதி முடிவதற்குள் டியாகோ கார்சியாவிலிருந்து கிளம்பிய கப்பல்கள் சவூதியின் ஜுபைல் துறைமுகத்தில் சரக்கை இறக்கத் தொடங்கிவிட்டன. அடுத்த வருடம் பி-52 குண்டுவீச்சு விமானங்கள் அதே தீவிலிருந்து கிளம்பி ஈராக்குக்குப் போய்வந்தன. 2001-இல் ஆப்கானிஸ்தானுக்கும் அங்கிருந்துதான். அந்தக் கிடங்கு இல்லையென்றால் இந்தப் போர்கள் நடந்தே இருக்காது என்று நான் சொல்லவில்லை. ஆனால் இவ்வளவு சீக்கிரம் தொடங்கியிருக்க முடியாது. போருக்கு முன்னால் பேச்சுக்கு எவ்வளவு நாள் இருக்கிறது என்பதையே இந்தக் குடோன்தான் முடிவு செய்கிறது, நண்பரிடம் நான் சொன்னதும் இதைத்தான்.

சீனாவும் 2017-இல் ஆப்பிரிக்காவின் ஜிபூட்டியில் திறந்த ராணுவத் தளத்தைத் தளவாட ஆதரவு மையம் என்றுதான் சொல்கிறது. பெயர் வைப்பதில் எல்லாரும் ஒரே பள்ளியில் படித்தவர்கள்.

சரி, அந்தத் தீவு காலியாகக் கிடந்ததா? இல்லை. தேங்காய்த் தோட்டம், கொப்பரை, மீன் என்று தலைமுறை தலைமுறையாகக் குடும்பங்கள் வாழ்ந்த இடம். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வாரிசுகள்தான் அதிகம், இந்தியாவிலிருந்து கூலிக்குப் போனவர்களின் ரத்தமும் அதில் கலந்திருக்கிறது. 1965-இல், மொரிஷியஸுக்குச் சுதந்திரம் கிடைக்க மூன்று வருடம் இருக்கும்போதே, பிரிட்டன் முப்பது லட்சம் பவுண்டு கொடுத்து, டியாகோ கார்சியா அடங்கிய சாகோஸ் தீவுகளை மொரிஷியஸிலிருந்து தனியாகப் பிரித்துக்கொண்டது. வைத்தியத்துக்கோ உறவினரைப் பார்க்கவோ மொரிஷியஸ் போனவர்களை, திரும்பி வர உனக்குக் கப்பல் கிடையாது என்றார்கள். அமெரிக்கத் தளத்துக்காக 1971-இல் டியாகோ கார்சியாவைக் காலி செய்தார்கள். வளர்த்த நாய்களைப் பிடித்து கொப்பரை உலர்த்தும் கொட்டகையில் அடைத்து வண்டிப் புகையை விட்டுக் கொன்றார்கள். 1973-க்குள் பக்கத்துத் தீவுகளும் காலி. ஏறக்குறைய 1,500-லிருந்து 2,000 பேர் வரை. நாய்களுக்கே இதைச் செய்தவர்கள் நம்மை என்ன செய்யமாட்டார்கள் என்று பயந்துதான் கப்பல் ஏறினோம் என்று அந்தத் தலைமுறைக்காரர்கள் சொல்லியிருக்கிறார்கள். அந்த நாய்கள் விஷயத்தைப் படித்த அன்று எனக்கு சாப்பாடு இறங்கவில்லை.

நம் ஆட்களும் அங்கே மாட்டிக்கொண்டார்கள், அது எத்தனை பேருக்குத் தெரியும்? 2021 அக்டோபரில் இலங்கைத் தமிழர்கள் 89 பேர் வந்த மீன்பிடிப் படகு பழுதாகித் தத்தளித்தது. பிரிட்டிஷ் கடற்படை அவர்களை இந்தத் தீவில் கொண்டுபோய் விட்டது. வேலி போட்ட முகாம், கூடாரம், குழந்தைகள். மூன்று வருடத்துக்கும் மேல். அவர்களை அப்படி வைத்திருந்தது சட்டவிரோதம் என்று 2024 டிசம்பரில் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதே மாதம்தான் பெரும்பாலானவர்களை பிரிட்டனுக்கு அனுப்பினார்கள். ராணுவத்தின் வசதிக்காகவே நடத்தப்படும் தீவில் அடைக்கலம் கேட்டு வந்தவனுக்கு எந்தச் சட்டம் பொருந்தும் என்று கண்டுபிடிக்கவே மூன்று வருடம் தேவைப்பட்டிருக்கிறது.

இதெல்லாம் எங்கோ நடக்கிறது என்று நினைக்க வேண்டாம். 2016-இல் இந்தியாவும் அமெரிக்காவும் ஒருவர் தளத்தில் மற்றவர் எரிபொருளும் சரக்கும் எடுத்துக்கொள்ள ஒப்பந்தம் போட்டன. 2022 ஆகஸ்டில் அமெரிக்கக் கடற்படையின் சார்ல்ஸ் ட்ரூ என்ற சரக்குக் கப்பல் பழுது பார்க்க நம்ம சென்னைக்கு வடக்கே காட்டுப்பள்ளிக்கு வந்தது. வேலை கிடைக்கிறது, நல்லதுதான், நான் எதிர்க்கவில்லை. ஆனால் அது தளவாட வேலை என்பதால் போருக்குச் சம்பந்தமில்லாத வேலை என்று மட்டும் யாரும் எனக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டாம்.

2019-இல் சர்வதேச நீதிமன்றம் பிரிட்டன் சாகோஸ் தீவுகளிலிருந்து வெளியேற வேண்டும் என்று கருத்துச் சொன்னது. 2025 மே மாதம் பிரிட்டனும் மொரிஷியஸும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தின்படி தீவுகள் மொரிஷியஸுக்கு, டியாகோ கார்சியா தளம் மட்டும் 99 வருடக் குத்தகைக்கு. மற்ற தீவுகளில் மக்கள் குடியேறலாம், டியாகோ கார்சியாவில் கூடாது. அதுதான் எனக்குப் புரியவே இல்லை. பிலிப்பைன்ஸிலிருந்து வந்தவர்கள் அந்தத் தளத்தில் சமைக்கிறார்கள், துவைக்கிறார்கள், ஓடுதளத்துக்குப் பக்கத்திலேயே தூங்கி எழுகிறார்கள். அவர்களால் பாதுகாப்புக்கு ஆபத்து இல்லையாம். அங்கே பிறந்து, அப்பா அம்மாவை அங்கே புதைத்துவிட்டு வந்த எழுபது வயதுக் கிழவி திரும்பிப் போய் ஒரு குடிசை போட்டுக்கொண்டால் மட்டும் என்ன ஆபத்து வந்துவிடும்?