பேருந்து ஜன்னலிலேயே பார்த்துத் தீர்த்த மலை

சென்ற தை மாதம், துபாயிலிருந்து விடுப்பில் வந்திருந்த நண்பனுக்காகக் கல்லூரிக் காலத்து நண்பர்கள் ஐந்து பேரும் கேரளத்து மலைவாசத்தலமான பொன்முடிக்குப் போவதாக முடிவு செய்திருந்தோம். 22 கொண்டை ஊசி வளைவுகளைப் பற்றியும் மேலே கிடைக்கப்போகும் குளிரைப் பற்றியும் ஒரு வாரம் பேசித் தீர்த்த பிறகு, முந்தின நாள் மாலையில், சொல்லி வைத்திருந்த வண்டி வராது என்று தெரிந்தது. வேறு வழியில்லாமல் மருத்துவாமலைக்குப் போகலாம் என்று நான் சொன்னபோது, வங்கியில் வேலை பார்க்கும் நண்பன், "அத பஸ்ல இருந்தே பாத்தாச்சே மக்கா, ஏறி வேற பாக்கணுமா?" என்று கேட்டான். அவனை மறுத்துப் பேச எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரிக்குப் போகும்போதெல்லாம் பொற்றையடியில் இடப்பக்கம் வந்து போகும் அந்தக் கரிய பாறைக் குன்றை மலைக் கணக்கில் சேர்க்கும் வழக்கம் எங்களுக்கு இருந்ததே இல்லை.

மருந்துவாழ் மலை என்பதே அதன் முழுப்பெயர். அனுமன் சஞ்சீவி மலையைத் தூக்கிச் சென்றபோது உதிர்ந்து விழுந்த துண்டு இது என்ற கதையைக் குமரி மாவட்டத்துப் பிள்ளைகள் அனைவரும் பாட்டியிடம் கேட்டிருப்பார்கள். மேற்குத் தொடர்ச்சி மலை தெற்கே ஓய்ந்து முடியும் இடம் என்று பள்ளியிலும் சொல்லித் தந்தார்கள். இத்தனையும் தெரிந்திருந்தும், நாற்பதைக் கடந்த எங்கள் ஐவரில் ஒருவர்கூட அதன் உச்சியை மிதித்ததில்லை.

காலை ஐந்தரை மணிக்கு, இருட்டு விலகும் முன்பே ஏறத் தொடங்கினோம். தொடக்கத்தில் படிகள் இருக்கின்றன. அவை முடிந்த பிறகு பாறைகளின் மேல் கால் வைக்க இடம் தேடித்தான் ஏற வேண்டும். சிறிய குன்று என்று எண்ணி வந்த அலட்சியம் அரை மணி நேரத்திற்குள் இறங்கிவிட்டது. துபாய் நண்பன் ஒரு பாறையில் சாய்ந்து நின்று, பொன்முடி என்றால் வண்டியிலேயே உட்கார்ந்து போயிருக்கலாமே என்று முணுமுணுத்தான். இதற்கிடையில், நாங்கள் வாங்கிக்கொண்டு வந்திருந்த மட்டிப்பழச் சீப்பைப் பையோடு கீழே வைத்த அந்த ஒரு நிமிடத்தில், பின்னாலிருந்து வந்த குரங்கொன்று பையைக் கவிழ்த்து, பழத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, பிஸ்கட் பொட்டலத்தைத் திரும்பியும் பாராமல் போய்விட்டது. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற பழத்தின் அருமை அதற்குத் தெரிந்திருக்கிறது.

உச்சிக்குச் சற்று முன்னால் பிள்ளைத்தடம் குகை இருக்கிறது. ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்தும் 1888-இல் கேரளத்து அருவிப்புறத்தில் சிவலிங்கத்தைப் பிரதிஷ்டை செய்து, கோயில் உரிமை யாருக்கு என்ற கேள்வியையே புரட்டிப்போட்ட துறவி நாராயண குரு, அதற்கு முன்பு தவமிருந்த குகை அது. குனிந்துதான் உள்ளே போக முடியும். திருவனந்தபுரம் பக்கத்திலிருந்து குடும்பத்தோடு வந்திருந்த முதியவர் ஒருவர், எங்களுக்கு நாகர்கோவில் என்று அறிந்ததும், அப்படியானால் அடிக்கடி வருவீர்கள் இல்லையா என்று மரியாதையாகக் கேட்டார். அவருக்கு இது ஏழாவது முறையாம். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கடைசியில் வங்கி நண்பன்தான் "இப்பதான் மொத தடவ" என்று ஒப்புக்கொண்டான்.

உச்சியில் அனுமனுக்கு ஒரு சிறு கோயில் உண்டு. அதன் அருகே நின்றபோது சூரியன் கடலிலிருந்து ஒரு முழம் உயர்ந்திருந்தது. அதைவிட, வெயில் பரவப் பரவக் கீழே ஒவ்வொன்றாகத் துலங்கி வந்த ஊர்களே என்னைப் பிடித்து நிறுத்தின. தெற்கே விவேகானந்தர் பாறையும் வள்ளுவர் சிலையும் கடலில் வைத்த இரு கூழாங்கற்கள் போலத் தெரிந்தன. 133 அடிச் சிலையை விரல் நுனியால் மறைத்துவிட முடிந்தது. மேற்கே, கும்பப்பூ என்று நாங்கள் சொல்லும் இரண்டாம் போக நெல் அறுவடைக்கு நிறம் மாறிக்கொண்டிருந்த வயல்களுக்கு நடுவே சுசீந்திரம் கோபுரம் வெள்ளையாக எழுந்து நின்றது. அதற்கும் அப்பால் தேரூர்க் குளம் வானத்தின் நிறத்தை வாங்கிக் கிடந்தது. பழையாறு மணக்குடியில் கடலைத் தொடும் இடத்தை வங்கி நண்பன் கை நீட்டிக் காட்டினான். 2004-இல் கடல் ஏறி வந்து பாலத்தையே பெயர்த்துப்போட்ட அந்த முகத்துவாரம் அவ்வளவு அமைதியாகத் தெரிந்தது எங்களுக்கு ஒரு மாதிரியாக இருந்தது. வடக்கே ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருக்க, அவற்றின் பின்னால் உண்மையான மலைகள் வரிசையாக நீலம் பூசி நின்றன.

நானிலமும் ஒருங்கே அமைந்த மாவட்டம் என்று பள்ளிக் கட்டுரைகளில் நாங்கள் எத்தனை முறை எழுதியிருப்போம்! மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்த அந்த வரி, நின்ற இடத்தில் ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பியதும் கண்ணெதிரே கிடந்தது. பொன்முடியிலோ மூணாறிலோ இது எனக்குக் கிடைத்திருக்காது. அங்கே தெரிபவை பிறர் ஊர்கள். இங்கே, சித்தி வீடு எந்தத் தென்னந்தோப்புக்குள் இருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தேன்.

எதிர்பார்ப்புக் குறைவாக இருந்ததால்தான் இவ்வளவு பிடித்துவிட்டது என்று துபாய் நண்பன் சொல்கிறான். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. குளிரும் மூடுபனியும் தேயிலைத் தோட்டமும் இருந்தால்தான் மலை என்று நாமே ஓர் அளவுகோல் செய்து வைத்துக்கொண்டோம். அதில் இந்த மலை தோற்பது இயல்பே. இங்கே குளிர் கிடையாது, ஏழரை மணிக்கே பாறை சுடத் தொடங்கிவிடுகிறது, வழியில் கடையும் இல்லை. ஆனால் நடந்து ஏறியவனுக்கு அவனுடைய சொந்த ஊரை முழுதாக விரித்துக் காட்டும் மலைகள் எத்தனை இருக்கின்றன? இதை மேம்படுத்துகிறோம் என்று யாராவது கிளம்பினால், குடிநீருக்கும் குப்பைக்கும் வழி செய்துவிட்டு அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பது என் விருப்பம். பாறை இடுக்குகளில் கிடந்த பிளாஸ்டிக் பாட்டில்களில் பதினொன்றை எண்ணி எடுத்து இறக்கினோம். மீதியை எடுக்கக் கையில் பை இல்லை.

கீழே வந்து டீக்கடையில் ஆளுக்கு இரண்டு ரசவடை சாப்பிட்டுவிட்டுப் பேருந்து ஏறினோம். ஜன்னலோரம் உட்கார்ந்த வங்கி நண்பன், நாங்கள் நின்ற பாறை எது என்று கழுத்தைத் திருப்பிக்கொண்டே வந்தான். வழுக்கம்பாறை வந்த பிறகும் அவன் தலை முன்னால் திரும்பவில்லை.