31 வரையா, 31 முடியவா?

ரிப்போர்ட் செய்து கொடுப்பதுதான் என் வேலை. அதில் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளாத ஒன்றைப் பற்றி ரொம்ப நாளாக எழுத நினைத்திருந்தேன். தேதி ஃபில்டர். 'ஃப்ரம் டேட்', 'டூ டேட்' என்று மேலே இரண்டு கட்டம் இருக்குமே, அதுதான்.

முன்பு இருந்த வேலையில் மாத விற்பனை ரிப்போர்ட் ஒன்று செய்து கொடுத்திருந்தேன். ஆறு மாதம் ஓடியது. ஒருநாள் கணக்குப் பிரிவு மேடம் கூப்பிட்டார். "தம்பி, 31-ஆம் தேதிக்கு ரெண்டே ரெண்டு பில்தான் காட்டுது. அன்னிக்கு ராத்திரி 8 மணி வரைக்கும் பில் போட்டோமே?"

எடுத்துப் பார்த்தேன். அந்த 2 பில்லும் நேரம் இல்லாமல் தேதியை மட்டும் கையால் அடித்தவை. அதனால் அவற்றின் நேரம் 00:00:00 என்று பதிவாகியிருந்தது. காலை 9:12-க்குப் போட்ட பில்லிலிருந்து அன்றைய மற்ற எல்லாமே வெளியே நின்றன. ஆறு மாதமும் கடைசி நாள் விற்பனை இல்லாமலேயே மேலிடத்துக்குக் கணக்குப் போயிருக்கிறது. அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

தரவுத்தளத்திலிருந்து விவரம் கேட்டு எடுக்கும் மொழியான எஸ்க்யூஎல்லில், இதிலிருந்து இது வரை என்று சொல்ல 'பிட்வீன்' போட்டால் இரண்டு முனையும் சேரும், அது சரிதான். ஆனால் நேரமும் சேர்த்துப் பதிவாகும் இடத்தில் வெறும் 31 என்று கொடுத்தால், கணினிக்கு அது 31-ஆம் தேதி பிறக்கிற நள்ளிரவு. நம் அலுவலகக் கடிதங்களில் '1 முதல் 31 முடிய' என்று எழுதுவார்கள். அந்த 'முடிய' என்ற சொல்லில் கடைசி நாள் முழுவதும் அடங்கிவிடுகிறது. ரிப்போர்ட் பார்ப்பவர் மனதில் இருப்பதும் அந்த 'முடிய'தான். அதைக் கணினிக்குச் சொல்லவேண்டியது செய்து கொடுக்கிற நம் பொறுப்பு.

பலர் கடைசித் தேதியோடு 23:59:59 என்று நேரத்தை ஒட்டுப் போடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. மைக்ரோசாஃப்டின் தரவுத்தள மென்பொருளான எஸ்க்யூஎல் சர்வரில், தேதியும் நேரமும் வைக்கும் பழைய 'டேட்டைம்' வகையில் 23:59:59.999 என்று கொடுத்துப் பாருங்கள், அது அடுத்த நாள் 00:00:00 ஆகிவிடும். நாளை இன்றைக்குள் புகுந்துவிடும். சரியான வழி, இந்த மாதம் 1-ஆம் தேதியோ அதற்குப் பிறகோ, அடுத்த மாதம் 1-ஆம் தேதிக்கு முன்பு. அவ்வளவுதான். மாதத்துக்கு 28 நாளா, 31 நாளா என்று யோசிக்கவே வேண்டாம். அப்புறம், தேதி இருக்கும் நெடுவரிசையின் மேல் ஃபங்ஷன் போட்டு ஒப்பிடாதீர்கள். வேகமாகத் தேட உதவும் இண்டெக்ஸ் இருந்தும் பெரும்பாலும் பயன்படாமல் போய், ரிப்போர்ட் ஊர்ந்துகொண்டு வரும்.

இதைவிடப் பெரிய சண்டை எந்தத் தேதி என்பதில் வரும். ஆர்டர் தேதியா, இன்வாய்ஸ் தேதியா, பணம் வந்த தேதியா? விற்பனைப் பிரிவு ஒன்றை நினைக்கும், கணக்குப் பிரிவு வேறொன்றை நினைக்கும். இரண்டு மொத்தமும் சரியாகவே இருக்கும், ஆனாலும் ஒத்துப்போகாது. 'கடந்த 30 நாள்' என்பதும் அப்படித்தான். அதில் இன்று சேர்த்தியா இல்லையா என்று கேட்டுப் பாருங்கள், ஆளுக்கொரு பதில் வரும். இன்று என்பதே கூட இடத்துக்கு இடம் மாறும். ரிப்போர்ட்டை இணையத்தில் பார்க்கிற பவர் பிஐ சர்வீஸில், இன்றைய தேதியைத் தரும் 'டுடே' யூடிசி என்ற உலகப் பொது நேரப்படி ஓடுகிறது. யூடிசிக்கு முந்தி விடிகிற ஊர்களில் அதிகாலையில் திறந்தால் அது இன்னும் நேற்றில் நிற்கும். நம் டெஸ்க்டாப்பில் சரியாக இருந்ததே என்று தலையைப் பிய்த்துக்கொள்வோம்.

தேதியே போடாத பதிவுகளும் உண்டு. எந்த வரம்பிலும் சேராமல் சத்தமில்லாமல் விழுந்துவிடும்.

இப்போது என் ரிப்போர்ட் ஒவ்வொன்றிலும் தலைப்புக்குக் கீழே ஒரு வரி இருக்கும்: 'இன்வாய்ஸ் தேதிப்படி, 1 முதல் 31 முடிய. தேதி இல்லாத பதிவுகள்: 14.' பார்க்க நன்றாக இல்லை, எடுத்துவிடுங்கள் என்று டிசைன் பார்ப்பவர்கள் கேட்கிறார்கள். நான் எடுப்பதில்லை.