இல்லத்திலிருந்து பள்ளிக்குத் திரும்பும் பிள்ளையை வகுப்பில் எதிர்கொள்பவர் யார்?

இளையர் நீதிமன்றம் அனுப்பிவைக்கும் சிங்கப்பூர்ச் சிறுவர் இல்லத்திலோ சிறுமியர் இல்லத்திலோ இருந்துவிட்டுப் பள்ளிக்குத் திரும்பும் பிள்ளையைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. உள்ளே போகும்வரை பேசுகிறோம். யாரோடு சுற்றினான், அப்பா எங்கே போனார், அம்மா ஏன் கவனிக்கவில்லை என்று புளோக்குக்குக் கீழே உட்கார்ந்து எல்லாவற்றையும் அலசுகிறோம். ஆனால் அவன் மறுபடி சீருடை போட்டுக்கொண்டு வகுப்பில் உட்காரும் அந்த முதல் வாரத்தைப் பற்றியும், அந்த வாரத்தில் அவன் முன்னால் நிற்கும் கணக்கு ஆசிரியர், அறிவியல் ஆசிரியர் பற்றியும் யாரும் வாய் திறப்பதில்லை. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பயிற்சி முதலில் அவர்களுக்குத்தான் வேண்டும்.

நான் ஆசிரியை இல்லை. வார இறுதியில் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் தொண்டூழியர், அவ்வளவுதான். அதனால்தான் பிள்ளைகள் பள்ளியில் சொல்லாததை என்னிடம் சொல்கிறார்கள்.

அப்படி ஒரு பையன். உயர்நிலை மூன்றில் திரும்பி வந்தான். முதல் நாள் வருகை எடுக்கும்போது ஆசிரியர், "வந்துட்டியா? இந்த வருஷமாவது பிரச்சினை பண்ணாம இரு" என்றாராம். வகுப்பு சிரித்தது. அந்தச் சிரிப்பைக்கூட அவன் பெரிதாகச் சொல்லவில்லை. அவனுக்கு உறுத்தியது வேறு. எந்தப் பாடம் ஓடுகிறது, எந்தப் பயிற்சிப் புத்தகம், தான் இல்லாதபோது என்னவெல்லாம் நடத்தி முடித்தார்கள் என்று யாருமே சொல்லவில்லை. பலகையில் இருபடிச் சமன்பாடு இருக்கிறது, அவனுக்குக் காரணிப்படுத்தவே வராது. கேட்டால் சிரிப்பார்கள் என்று பேசாமல் இருந்தான். பேசாமல் இருந்ததை முறைப்பு என்று எடுத்துக்கொண்டார்கள். கொஞ்ச நாளில் பள்ளிக்கு மட்டம் போட ஆரம்பித்தான், அதற்கு டிசிப்ளின் மாஸ்டர் கூப்பிட்டார், அங்கே குரல் உயர்ந்தது, பழைய கோப்பு மறுபடி மேசைக்கு வந்தது.

அந்த ஆசிரியர் கெட்டவர் என்று நான் சொல்லவே மாட்டேன். தேர்வு நேரத்தில் மாலை ஆறு மணிவரை உட்கார்ந்து பாடம் நடத்துபவர் என்று அதே பையன்தான் சொன்னான். அவருக்கு அந்த நிமிடத்தில் என்ன சொல்வது என்று தெரியவில்லை. யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது வாயில் வந்ததைச் சொன்னார்.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். நம் ஊரில் நார்த்லைட் பள்ளி 2007-இலும் அஸம்ப்ஷன் பாத்வே பள்ளி 2009-இலும் தொடங்கப்பட்டன. அவை தண்டனைப் பள்ளிகள் இல்லை. தொடக்கப் பள்ளி இறுதித் தேர்வில் தேறாத பிள்ளைகளுக்காக வந்தவை. "ரௌடிப் பிள்ளைகள் போற ஸ்கூல்" என்று நம்மவர்களே சொல்வதைக் கேட்டிருக்கிறேன், தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். ஒழுங்கு நடவடிக்கைக்கென்றே தனிப் பள்ளி நடத்தும் இடம் அமெரிக்காவின் டெக்சாஸ். 1995-இலிருந்து அங்கே சட்டப்படி அது நடக்கிறது. வகுப்பில் தொந்தரவு செய்யும் மாணவனை அந்த மாற்றுப் பள்ளிக்கு அனுப்பிவிடலாம், கொஞ்ச காலம் கழித்துத் திரும்பி வருவான்.

டெக்சாஸ் மாணவர்கள் பத்து லட்சம் பேர் அளவில், ஏழாம் வகுப்பிலிருந்து தொடர்ந்து பார்த்த ஆய்வு ஒன்று 2011-இல் வெளியானது. கிட்டத்தட்ட பத்தில் ஆறு பேர் பள்ளிப் படிப்பை முடிப்பதற்குள் ஒருமுறையாவது இடைநீக்கமோ வெளியேற்றமோ கண்டிருந்தார்கள். அந்த நடவடிக்கைகளில் சட்டம் கட்டாயமாக்கியவை மூன்று விழுக்காடுதான், மற்றவை பள்ளிகள் தாங்களாக எடுத்த முடிவு. அப்படி வெளியே அனுப்பப்பட்ட பிள்ளை அடுத்த ஆண்டே சிறார் நீதி அமைப்பின் கையில் சிக்கும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்று மடங்கு. பார்த்துப் பார்த்து, கடைசியில் 2019-இல் அங்கே ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள்: மாற்றுப் பள்ளியிலிருந்து விடுபட்ட 5 பள்ளி நாட்களுக்குள் அந்த மாணவன் வழக்கமான வகுப்புக்குத் திரும்புவதைப் பள்ளி நிர்வாகம் முன்னின்று ஒருங்கிணைக்க வேண்டும், அவனுக்கென்று தனித் திட்டம் இருக்க வேண்டும். நம்மைவிட எவ்வளவோ கடுமையாகப் பிள்ளைகளை வெளியே தள்ளும் ஊர் அது. அங்கேயே திரும்பும் நாளைச் சட்டத்தில் எழுதிவிட்டார்கள்.

நம் சிறார், இளையர் சட்டமும் 2019-இல்தான் திருத்தப்பட்டது. பிள்ளை கைமீறிப் போய்விட்டது என்று இளையர் நீதிமன்றத்துக்குப் போகும் பெற்றோர், இப்போது தாங்களும் வழிகாட்டுதல் திட்டத்தில் உட்கார வேண்டும். மிக நல்லது, எனக்கு அதில் முழு உடன்பாடு. ஆனால் பெற்றோரையும் கற்றுக்கொள்ளச் சொன்னபிறகு, அந்தப் பிள்ளையைத் தினமும் ஆறு மணி நேரம் பார்க்கும் ஆசிரியரை மட்டும் ஏன் விட்டுவிட்டோம்?

"அதுக்குத்தான் பள்ளி ஆலோசகர் இருக்காரே" என்பார்கள். இருக்கிறார். நல்லவர்தான். ஆனால் ஒரு பள்ளி முழுவதற்கும் ஓரிருவர், அவர்களைப் பார்க்க நேரம் குறித்துப் போக வேண்டும். அவமானமோ ஆறுதலோ நடப்பது ஆலோசகர் அறையில் இல்லை, வகுப்பில் இருபது வினாடிக்குள் நடந்து முடிந்துவிடுகிறது.

ஆசிரியர்களுக்கு ஏற்கெனவே எவ்வளவு வேலை என்று எனக்குத் தெரியும். ஆகவே மூன்று நாள் கருத்தரங்கு வேண்டும் என்று கேட்கவில்லை. 2016-இல் வெளியான ஒரு கலிஃபோர்னிய ஆய்வில் ஐந்து நடுநிலைப் பள்ளிகளைச் சேர்ந்த 31 கணக்கு ஆசிரியர்களுக்கு இணையத்தில் சிறிய பயிற்சி கொடுத்தார்கள். மாணவன் ஏன் அப்படி நடந்துகொள்கிறான் என்று அவன் பக்கத்திலிருந்து யோசித்துப் பார்க்கும் பயிற்சி. அந்த ஆசிரியர்களின் மாணவர்களில் இடைநீக்கம் ஆனவர்கள் 4.8 விழுக்காடு, மற்றவர்களின் மாணவர்களில் 9.6. பாதிக்குப் பாதி! அதை நடத்திய ஜேசன் ஒகோனோஃபுவாவும் ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழகத்தின் கிரெகரி வால்டனும் சேர்ந்து 2021-இல் இன்னொன்றை வெளியிட்டார்கள். என்னை அதிகம் பாதித்தது அதுதான். கலிஃபோர்னியாவின் ஓக்லண்டில் சிறார் காவலிலிருந்து பள்ளிக்குத் திரும்பும் 47 மாணவர்களிடம், உனக்கு உதவக்கூடிய ஆசிரியராக யாரை நினைக்கிறாய் என்று கேட்டார்கள். அந்த ஆசிரியருக்கு, இந்த மாணவர் உங்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறார் என்று ஒரு பக்கக் கடிதம் போனது. ஆசிரியருக்குக் கடிதம் போய்ச் சேர்ந்த மாணவர்களில் அடுத்த பருவத்துக்குள் மறுபடி காவலுக்குப் போனவர்கள் 29 விழுக்காடு, மற்றவர்களில் 69. சின்ன ஆய்வுதான், 47 பேரை வைத்து உலகத்துக்கே முடிவு சொல்ல முடியாது. ஆனாலும் ஒரு பக்கக் கடிதத்துக்கு என்ன செலவு ஆகிவிடும்?

இதைப் படித்ததும் எனக்கு நினைவுக்கு வந்தவர்கள் நம் தமிழ் ஆசிரியர்கள். தாய்மொழிப் பாடத்துக்குப் பல வகுப்புப் பிள்ளைகள் ஒன்றாக வருவார்கள், எண்ணிக்கை குறைவு, ஒரே ஆசிரியர் இரண்டு மூன்று வருடம் தொடர்ந்து எடுப்பதும் உண்டு. வீட்டில் அம்மாவுக்கு ஆங்கிலம் சரளமாக வராது என்றால் பள்ளி யாரைத் தொலைபேசியில் பேசச் சொல்கிறது? தமிழ் ஆசிரியரைத்தான். "உங்க மகன் இன்னைக்கும் வரலம்மா" என்று சொல்லும் வேலை அவர் தலையில் விழுகிறது, அதற்கென்று அவருக்கு எந்தப் பயிற்சியும் கிடையாது, நேரமும் கிடையாது. யாரை நம்புகிறாய் என்று நம் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள், நிறைய பேர் தமிழ் ஆசிரியர் பெயரைத்தான் சொல்வார்கள் என்பது என் அனுபவம். நான் சொன்ன பையனும் தமிழ் வகுப்புக்கு மட்டும் மட்டம் போடவில்லை. அந்த டீச்சர் முதல் நாள் அவனைத் தனியாகக் கூப்பிட்டு, சாப்பிட்டியா என்று கேட்டுவிட்டு, விடுபட்ட பாடங்களின் தாள்களை ஒரு கோப்பில் போட்டுக் கொடுத்தாராம்.

அவருக்கு இயல்பாக வந்தது எல்லாருக்கும் வரும் என்று எதிர்பார்க்க முடியாது, ஆனால் சொல்லிக்கொடுக்க முடியும். ஆசிரியர்களையே ஆசிரியராகவும் மாணவனாகவும் நடிக்கவைத்து, முதல் வாசகத்தைச் சொல்லிப் பார்க்கவைக்க வேண்டும். "எங்கேடா இருந்தே?" என்று பக்கத்து மேசைப் பையன் கேட்டால் பேச்சை எப்படித் திருப்புவது என்று பழக வேண்டும். அப்புறம் இரகசியம். இளையர் நீதிமன்றத்துக்கு வரும் பிள்ளையின் அடையாளத்தை ஊடகம் வெளியிடச் சட்டம் விடுவதில்லை, ஆனால் ஆசிரியர் அறையில் எல்லாருக்கும் எல்லாம் தெரிந்திருக்கும். யாருக்கு எவ்வளவு தெரிய வேண்டும் என்பதும் பயிற்சியில் வர வேண்டும். அவன் இன்று தப்புச் செய்தால் இன்றைய தப்புக்குக் கண்டியுங்கள், விதியைத் தளர்த்தச் சொல்லவில்லை. போன வருடத்தையும் சேர்த்துக் கண்டிப்பதைத்தான் நிறுத்தச் சொல்கிறேன்.

"என் பிள்ளை பக்கத்துல அவனை உட்காரவைக்காதீங்க" என்று பள்ளிக்கு எழுதும் பெற்றோரும் உண்டு. உங்கள் பயம் புரிகிறது. எப்படி நடத்துவது என்று தெரிந்த ஆசிரியர் இருக்கும் வகுப்பில்தான் உங்கள் பிள்ளைக்கும் பாதுகாப்பு. 2004-இலிருந்து மஞ்சள் ரிப்பன் திட்டம் என்று சிறையிலிருந்து வரும் பெரியவர்களுக்கு வேலை கொடுக்கச் சொல்லி முதலாளிகளைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு வகுப்பில் ஒரு நாற்காலிக்கு இவ்வளவு யோசிக்கிறோம்.

நம் ஆசிரியர்களுக்கு ஆண்டுக்கு 100 மணி நேரம் பயிற்சிக்கு உரிமை உண்டு. அதில் அரை நாளை இதற்கு ஒதுக்க வேண்டும், அதைத் தமிழ் ஆசிரியர்களிடமிருந்து தொடங்க வேண்டும் என்று தேசியக் கல்விக் கழகத்தையும் கல்வி அமைச்சையும் கேட்கிறேன். நவம்பர், டிசம்பர் விடுமுறையில் செய்தால் ஜனவரியில் திரும்பி வரும் பிள்ளைகளுக்கே உதவும். பெற்றோர் ஆதரவுக் குழுவில் இருப்பவர்கள் அடுத்த சந்திப்பில் முதல்வரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இல்லத்திலிருந்து ஒரு பிள்ளை திரும்பினால் முதல் நாள் காலை அவனை வாசலில் சந்திக்கப் போவது யார்?